கேப்பர் மலைக்கு ஏறும் குழாயும் மூன்று ஏர் வால்வுகளும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருவந்திபுரத்துக்கு அருகே, கெடிலம் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் எங்கள் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. தண்ணீர் வேண்டியிருப்பதோ கேப்பர் மலையின் மேலுள்ள செம்மண் கொல்லையில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்துப் போட்ட முந்திரிக்கும் பலாவுக்கும் பதிலாக வைத்த மரங்கள் அங்கே நிற்கின்றன. கிணற்றிலிருந்து கொல்லையிலுள்ள 30,000 லிட்டர் சிமெண்டுத் தொட்டி வரை 1,350 மீட்டர் தூரத்துக்கு, 110 மி.மீ. விட்டமுள்ள, சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் தாங்கும் பி.வி.சி. குழாயை 2023 தை மாதத்தில் பதித்தோம். அந்தக் குழாய்க்குள் சேரும் காற்றை வெளியே விட நான் வாங்கிப் பொருத்திய மூன்று வகை ஏர் வால்வுகளைப் பற்றியதே இந்த மதிப்பீடு. நீளமான குழாய்க்கு ஏர் வால்வு கட்டாயம் தேவை என்று கடைக்காரர்களும், அது வீண் செலவு என்று பக்கத்துக் கொல்லைக்காரர்களும் சொல்லக் கேட்டுக் குழம்பி நிற்பவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

குழாயின் நீளத்தைவிட அது செல்லும் தரையின் ஏற்ற இறக்கமே முக்கியமானது என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றடியிலிருந்து தரை 14 மீட்டர் ஏறி முதல் மேட்டை அடைகிறது. அங்கிருந்து மழை அரித்த ஒரு செம்மண் ஓடைக்குள் 8 மீட்டர் இறங்குகிறது. மீண்டும் 12 மீட்டர் ஏறி இரண்டாவது மேட்டைத் தொட்டு, 6 மீட்டர் இறங்கி, கடைசியாக 10 மீட்டர் ஏறித் தொட்டியின் விளிம்பை அடைகிறது. மொத்தத்தில் கிணற்றடிக்கும் தொட்டி விளிம்புக்கும் 22 மீட்டர் உயர வேறுபாடு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாரை வாங்கினோம். நிமிடத்துக்கு 350 லிட்டருக்குக் குறையாமல் வரும், ஒன்றரை மணி நேரத்துக்குள் தொட்டி நிரம்பிவிடும் என்பது எதிர்பார்ப்பு.

முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. சித்திரை பிறந்தபோது தொட்டி நிரம்ப ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. தொட்டியின் வாயில் தண்ணீர் சீராக விழாமல் இருமி இருமி விழுந்தது. கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று முதலில் நினைத்தேன். மோட்டார் பெட்டியில் ஆம்பியர் மீட்டர் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியதைப் பார்த்து, மோட்டாருக்குப் பளு குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்தும் போனேன். அது பேதைமை. இவ்வகைப் பம்பு குறைவான தண்ணீரைத் தள்ளும்போது மோட்டாரும் குறைவான ஆம்பியரையே இழுக்கும். எதிரே ஏதோ தடை நிற்கிறது என்பதற்கான அடையாளம் அது. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த வயதான குழாய்க்காரர் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை. நேராக முதல் மேட்டுக்கு நடந்து சென்று, அங்கே குழாயைச் சுற்றி இறுக்கியிருந்த பிடியான சேடிலின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினார். கால் மணி நேரம் காற்று சீறிக்கொண்டே இருந்தது. "தண்ணி குறையல தம்பி, காத்து உக்காந்துகிட்டு வழி விடல" என்றார்.

காற்று எப்படி வழியை மறிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் வால்வு வாங்கினால் என்னைப் போல ஒருமுறை ஏமாற நேரிடும். மேட்டின் உச்சியில் சேரும் காற்று அங்கேயே நிற்பதில்லை. மேலும் மேலும் சேரும்போது இறங்கு சரிவின் பக்கமாக நீண்டுகொண்டே போகிறது. அந்தச் சரிவில் தண்ணீர் குழாயை நிறைத்து ஓடாமல், காற்றுக்குக் கீழே ஒரு வாய்க்காலைப் போலச் சரிந்து ஓடுகிறது. நிறைந்த குழாயாக இருந்தால், 8 மீட்டர் இறங்கும் தண்ணீர் அடுத்த 8 மீட்டர் ஏறுவதற்குத் தானே உந்துதல் தரும். சரிவில் காற்று நிறைந்துவிட்டால் அந்த உந்துதல் போய்விடும், அந்த உயரத்தையும் பம்பே புதிதாக ஏற்றியாக வேண்டும். என் குழாயில் இரண்டு இறக்கங்களும் முழுக்கக் காற்றாகிவிட்டால் 22 மீட்டர் ஏற்றம் 36 மீட்டராக ஆகிவிடும். ஓட்டம் வேகமாக இருந்தால் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் என் குழாயில் ஓட்டம் வினாடிக்கு முக்கால் மீட்டரை ஒட்டியே இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் காற்றைக் கீழே இழுக்க அந்த வேகம் போதாது.

காற்று எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்டார்கள். கோடையில் கிணற்றின் நீர்மட்டம் பம்பை நெருங்கும்போது தண்ணீரோடு காற்றும் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்து குழாய் ஓரளவு காலியானால், அடுத்த முறை மோட்டார் போடும்போது உள்ளே இருக்கும் காற்று மேடுகளில் சிக்கிக்கொள்கிறது. இவை தவிர, சாதாரணத் தண்ணீரிலேயே அதன் கன அளவில் ஏறத்தாழ 2 விழுக்காடு காற்று கரைந்திருக்கும். அழுத்தம் குறையும் இடத்திலும், வெயிலில் குழாய் சூடேறும்போதும் அதில் ஒரு பகுதி பிரிந்து வெளிவரும். என் குழாயில் ஒரு மீட்டர் நீளத்தில் அடங்குவது ஏறத்தாழ 8 லிட்டர்தான். எனவே 8 லிட்டர் காற்று சேர்ந்தாலே ஒரு மீட்டர் குழாய் பறிபோகிறது. நாள்தோறும் 30,000 லிட்டர் ஓடும் குழாயில் இதற்கு அதிக நாள் ஆகாது.

முதலில் வாங்கியது ஓர் அங்குலப் பிளாஸ்டிக் ஏர் வால்வு. சொட்டுநீர்ப் பாசனத்துக்கான பொருள்களை விற்கும் ஒரு கடையில், விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பொருளின் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே சொல்லவில்லை. குறை தயாரிப்பில் இல்லை, அந்த வகையை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததில்தான் இருந்தது. உள்ளே ஒரு பந்து, மேலே ஓர் அங்குலத் துளை. அவ்வளவுதான் அதன் அமைப்பு. காலியான குழாயில் தண்ணீர் ஏறும்போது காற்று துளை வழியாக வேகமாக வெளியேறும், தண்ணீர் வந்ததும் பந்து மிதந்து துளையை அடைக்கும். பொருத்திய அன்று தொட்டி ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்தில் நிரம்பியது, அனைவருக்கும் மகிழ்ச்சி. ஐந்து வாரம் கழித்துப் பழைய இருமல் திரும்பி வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, கணக்குப் போட்டுப் பார்த்தபோது வெட்கமாகவும் இருந்தது. ஓர் அங்குலத் துளையின் பரப்பு 4.9 சதுர சென்டிமீட்டர். முதல் மேட்டில், மோட்டார் ஓடும்போது குழாயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.3 கிலோ. அப்படியானால் பந்தை மேல்நோக்கி அழுத்திப் பிடிப்பது 6 கிலோவுக்கு மேற்பட்ட விசை. நூறு கிராம்கூடத் தேறாத அந்தப் பந்து, அடியில் தண்ணீர் விலகிக் காற்று சேர்ந்த பிறகும் எப்படிக் கீழே விழும்? மோட்டாரை நிறுத்தினாலும், தொட்டி வரை நிற்கும் தண்ணீரின் அழுத்தமே அதை 4 கிலோ விசையுடன் பிடித்துக்கொண்டிருக்கும். அதாவது, இந்த வகை வால்வு ஒருமுறை மூடிக்கொண்டால் குழாய் முழுவதும் வடியும் வரை திறக்காது. குழாயை நிரப்பும்போது காற்றை வெளியே விடவும், வடிக்கும்போது காற்றை உள்ளே விடவும் மட்டுமே அது படைக்கப்பட்டது. நாள்தோறும் மோட்டாரை நிறுத்தியதும் வடிந்துவிடும் சொட்டுநீர்க் குழாய்களுக்கு அது மிகப் பொருத்தமானது. எப்போதும் நிறைந்து நிற்கும் என் குழாய்க்கு அது பாதி மருந்து. கடையில் இந்த வேறுபாட்டை யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அழுத்தம் இருக்கும்போதே காற்றை விடுவது சிறுதுளை வால்வு. துளை 2 மி.மீ. என்றால், அதே 1.3 கிலோ அழுத்தத்தில் மிதவையைப் பிடித்துக்கொள்ளும் விசை 40 கிராமை ஒட்டித்தான் இருக்கும்; மிதவை தன் எடையாலேயே விழுந்து துளையைத் திறந்துவிடும். ஆனால் சிறுதுளையை மட்டும் வைத்தால், குழாயை வடிக்கும்போது போதுமான காற்று உள்ளே நுழையாது. இரண்டு துளைகளும் ஒரே உடலில் அமைந்ததைத்தான் கடைகளில் காம்பினேஷன் ஏர் வால்வு அல்லது டபுள் ஆக்ஷன் ஏர் வால்வு என்கிறார்கள். நான் புதுச்சேரி நூறடிச் சாலையில் ஒரு கடையில், நைலான் உடல் கொண்ட ஓர் அங்குல வால்வுகள் இரண்டை 2023 ஐப்பசியில் வாங்கினேன். முதலில் வாங்கிய பிளாஸ்டிக் வால்வைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு விலை. அந்தக் கடைக்காரர் குழாயின் விட்டத்தையும், மேட்டில் அழுத்தம் எவ்வளவு என்பதையும் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை எடுத்தார். அந்தக் கேள்விக்காகவே கடலூரிலிருந்து பேருந்தில் போய் வரலாம்.

அளவைப் பற்றி ஒரு சொல். காற்றை விடுவதற்கும் உள்ளே இழுப்பதற்குமான வால்வின் அளவு குழாய் விட்டத்தில் எட்டில் ஒரு பங்கும், விடுவதற்கு மட்டுமானால் பன்னிரண்டில் ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்ப் பொறியாளர்கள் பின்பற்றும் கையேட்டு விகிதம். 110 மி.மீ. குழாய்க்கு 14 மி.மீ. போதும் என்றாகிறது, ஓர் அங்குலமே தாராளம். இரண்டு அங்குல வால்வை வாங்கச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். வால்வைவிட, அது உட்காரும் டீ என்ற மூன்று வாய் இணைப்பில்தான் கஞ்சத்தனம் கூடாது. சேடிலில் சிறிய துளையிட்டு வால்வைத் திருகினால், ஓடும் தண்ணீர் காற்றுக் குமிழிகளை அந்தத் துளையைத் தாண்டி அடித்துச் சென்றுவிடும். குழாயின் முழு விட்டத்துக்கும் டீ போட்டு, அதன் தலையில் விட்டத்தைக் குறைக்கும் ரெடியூசர் வைத்துப் பொருத்தினால்தான் காற்று ஒதுங்கி ஏற இடம் கிடைக்கும். வால்வுக்குக் கீழே, தண்ணீரை அடைத்து நிறுத்த ஒரு பால் வால்வும் (பந்து வால்வு) அவசியம்; அது இல்லாவிட்டால், ஒரு வாசர் மாற்றுவதற்குக்கூட, குழாயில் நிற்கும் பதினோராயிரம் லிட்டரில் பெரும்பகுதியை வடிக்க வேண்டியிருக்கும்.

காம்பினேஷன் வால்வுகளில் ஒன்றை முதல் மேட்டில் பொருத்தியது முதல் இன்று வரை தொட்டி ஒரு மணி முப்பது நிமிடத்தைத் தாண்டியதில்லை. முதல் மேட்டின் அருகே நின்றால் அவ்வப்போது ஒரு சிறு சீறல் கேட்கும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அதைப் பாம்பு என்று நினைத்துச் சில நாள் பயந்தார்கள். குறை இல்லாமல் இல்லை. கடலூர் மணற்கல் படிவத்திலிருந்து வரும் எங்கள் தண்ணீரில் நுண்மணலும் துருநிறக் கசடும் உண்டு. அவை சிறுதுளையின் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும்போது வால்வு முழுவதும் மூடாமல் சொட்டத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடுகிறது. சொட்டும் ஏர் வால்வை நம் ஊரில் யாரும் குறையாகப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை. 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீரை ஏறத்தாழ 230 கி.மீ. தாண்டிச் சென்னைக்குக் கொண்டுபோகும் பெருங்குழாய் எங்கள் மாவட்டத்துக்குள்தான் தொடங்குகிறது. அதைப் போன்ற பெரிய குழாய்களில் வால்வு கசிந்தால், அந்தக் கசிவிலேயே குடம் வைத்துப் பிடிப்பதும் துணி துவைப்பதும் தமிழ்நாடு முழுவதும் வழக்கம்.

மூன்றாவது வால்வைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பழைய இரும்புக் கடை ஒன்றில் இரட்டைப் பந்து கொண்ட, வார்ப்பிரும்பால் ஆன 50 மி.மீ. வால்வு மலிவாகக் கிடைத்தது என்று ஆசைப்பட்டு வாங்கி இரண்டாவது மேட்டில் நிறுத்தினேன். குடிநீர்த் திட்டங்களின் இரும்புக் குழாய்களில் அமரும் இனம் அது, அதற்கென ஐ.எஸ். 14845 என்ற இந்தியத் தரநிலையும் உண்டு. வால்வின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பளுவைப் பி.வி.சி. டீயின் கழுத்து எப்படித் தாங்கும்? மூன்றாம் வாரத்தில் ஒரு மாடு உரசியதில் டீ விரிசல்விட்டது. கான்கிரீட் பீடம் கட்டித் தாங்கக்கூடியவர்களுக்கு அது ஆயுட்காலப் பொருள். எனக்கு அது இப்போது மோட்டார் கொட்டகையின் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுக்கும் பொருள்.

அந்த விரிசலால் ஒரு நன்மை விளைந்தது. டீ உடைந்த இடத்தில் வால்வே வேண்டாம், ஒரு முழு நீளக் குழாயை நிமிர்த்தி வையுங்கள் என்று அதே நெல்லிக்குப்பத்துக் குழாய்க்காரர் சொன்னார். இரண்டாவது மேடு தொட்டி விளிம்பைவிட 4 மீட்டர்தான் தாழ்வு. அங்கிருந்து தொட்டி வரை உராய்வுக்கு ஒரு மீட்டர் சேர்த்தாலும், மோட்டார் ஓடும்போது தண்ணீர் 5 மீட்டர் உயரத்துக்கு மேல் எழும்பாது. 6 மீட்டர் நீளமுள்ள, அதாவது 20 அடிக் குழாயை நிமிர்த்தி நிறுத்தி, தலையை வளைத்து, கொசுவலை கட்டிவிட்டால் காற்று தானாகப் போகும், தேவைப்படும்போது தானாக வரும். அசையும் உறுப்பு எதுவும் இல்லை, அடைத்துக்கொள்ளத் துளையும் இல்லை. மோட்டார் போட்டதும் சில சமயம் ஒரு குடம் தண்ணீர் வழியும். ஊன்றுகோல் கட்டாவிட்டால் ஆடிக்காற்றில் ஆடும். தொட்டிப் பக்கம் கேட் வால்வை மூடிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகாது; அழுத்தம் ஏறித் தண்ணீரெல்லாம் மேட்டிலேயே கொட்டிப்போகும். முதல் மேட்டில் இதைச் செய்ய 14 மீட்டர் உயரக் கம்பம் வேண்டும் என்பதால் அங்கே வால்வுதான் வழி. மிச்சமான இரண்டாவது காம்பினேஷன் வால்வைக் கிணற்றுத் தலையில், நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால் வைத்துவிட்டேன். மோட்டார் போடும்போது, கிணற்றுக்குள்ளிருந்து மேலே வரும் ஏறுகுழாயில் இருக்கும் காற்று பெருங்குழாய்க்குள் நுழைவதற்கு முன்பே அங்கே வெளியேறிவிடுகிறது.

காற்றை வெளியே விடுவதைப் பற்றியே இதுவரை சொன்னேன். உள்ளே விடுவதன் தேவையை என் சித்தப்பா மகனின் குழாயில்தான் கண்டேன். அவன் செலவைக் குறைக்க 4 கிலோ குழாய் போட்டிருந்தான், மேட்டில் வால்வு எதுவும் இல்லை. ஓடைக்குள் இருக்கும் வடிகால் வால்வை ஒரு நாள் முழுவதுமாகத் திறந்துவிட்டபோது, மேட்டிலிருந்த தண்ணீர் கீழே இறங்க, அதன் இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லாமல் உள்ளே வெற்றிடம் உண்டாயிற்று. பத்தடி நீளத்துக்குக் குழாய் வெளிக்காற்றின் அழுத்தத்தால் சப்பையாகிக் கிடந்தது. மெல்லிய சுவருள்ள குழாய் அரைகுறை வெற்றிடத்தையே தாங்காது. 6 கிலோ குழாய் தாங்கிவிடும் என்றாலும், இணைப்புகளின் ரப்பர் வளையம் உள்ளிழுக்கப்படுவதும், கசிவின் வழியே சேறு உள்ளே போவதும் அதற்கும் நேரலாம். இதனால்தான் வால்வைப் பள்ளமான தொட்டிக்குள் புதைக்கவும் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது, முதல் மேட்டில் வால்வைச் சுற்றிக் கட்டியிருந்த செங்கல் பெட்டி நிரம்பி வால்வு மூழ்கிவிட்டது. அந்த நேரத்தில் குழாய் வடிந்திருந்தால், காற்றுக்குப் பதில் செம்மண் கரைசலைத்தான் வால்வு உறிஞ்சியிருக்கும். மழை ஓய்ந்ததும் பெட்டியின் அடியில் வடிகால் துளை விட்டு, வால்வைத் தரைமட்டத்துக்கு இரண்டடி மேலே உயர்த்திவிட்டேன்.

வால்வு வைத்த பிறகு மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. காலியான குழாயை முழு வேகத்தில் நிரப்பினால், கடைசிக் காற்று வெளியேறும் கணத்தில் பந்து படீரென்று மூடும், ஓடிவந்த தண்ணீர் திடீரென்று முட்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சட்டென்று நின்றால், பி.வி.சி. குழாயில் 3 முதல் 4 கிலோ வரையும், இரும்புக் குழாயில் 10 கிலோவுக்கு மேலும் அழுத்தம் கூடுதலாக எழும்பும். எனவே குழாயை வடித்த பின் முதல் முறை நிரப்பும்போது, கிணற்றடி கேட் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, வினாடிக்கு ஓரடி வேகத்துக்கு மேல் போகாமல் விடுகிறேன். என் குழாய் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஆகவே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அவரவர் தரையைப் பொறுத்தது. கிணற்றிலிருந்து தொட்டி வரை இறக்கமே இல்லாமல் ஏறிக்கொண்டே போகும் குழாய் என்றால், இரண்டு கி.மீ. நீளமானாலும் காற்று தண்ணீரோடு மேலேறித் தொட்டி வாயில் தானே வெளியேறிவிடும். மேட்டு வால்வு எதுவும் தேவையில்லை. அரை கி.மீ. குழாயானாலும் நடுவில் ஒரு மேடு இருந்தால் தேவை. நீண்ட தூரம் மட்டமாகவே கிடக்கும் குழாய்களுக்கு ஏறத்தாழ 400 முதல் 750 மீட்டருக்கு ஒன்று என்பது அமெரிக்கக் குடிநீர் அமைப்பின் கையேடு தரும் அளவு. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் தரையில் குழாய் எங்கே முதுகு வளைந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது என்பதால் அதுவும் நியாயமே. குழாய் பதிக்கும் முன்பே மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவலை எடுத்துக்கொண்டு பாதை முழுவதும் நடந்து மேடு பள்ளங்களைக் குறித்துக்கொண்டால், கடையில் பேச வேண்டியது பாதியாகக் குறையும்.

நைலான் காம்பினேஷன் வால்வுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். கழித்த ஒன்று, உதிரி ரப்பரைத் தனியே தராமல் மேல்மூடி முழுவதையும் வாங்கச் சொல்வதற்கு. முதலில் வாங்கிய பிளாஸ்டிக் வால்வை அண்ணன் தன் சொட்டுநீர்ப் பாசனத்தில் மாட்டியிருக்கிறார். அங்கே அது ஒரு குறையுமின்றி வேலை செய்கிறது.